பத்தால் வகுத்துப் படித்த கடிதங்கள்

மேனாம்பேடு, அம்பத்தூர்
15-6-1986

மதிப்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை அருள்தாஸ் அவர்களுக்கு, மச்சான் பால்ராஜ் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கச்சி சாராளும் உங்கள் மகன் தேவராஜும் ஆண்டவர் தயவில் சுகம். போர்ட் பிளேரில் மழை பிடித்துக்கொண்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். துறைமுகத்தில் நனைந்துகொண்டு வேலை பார்க்காதீர்கள்.

சேதி என்னவென்றால், நம் தேவராஜ் பள்ளிக்கூடத்தில் குருளையர் படையில் சேர்ந்துவிட்டான். சாரணர் என்பது பெரிய பையன்களுக்கு. பத்து வயசுக்குள் இருப்பவன் குருளையர். தொப்பியும் கழுத்துத் துணியுமாக அவன் தெருவில் நடந்தால் சைக்கிள்காரர்கள் இறங்கி நிற்கிறார்கள்.

இதில் எல்லாரும் செய்தே தீரவேண்டிய பாடம் ஒரு பக்கம். விருப்பப்பட்டவன் எடுத்துக்கொள்ளும் சின்னங்கள் இன்னொரு பக்கம். தோட்டம், சமையல், முதலுதவி, நீச்சல் என்று எத்தனையோ. ஒவ்வொன்றாக ஜெயித்தால் சட்டைக் கையில் தைத்துக்கொள்ளலாம். யாரும் கட்டாயப்படுத்தாமல் நம் பையன் முதலில் தோட்டத்தை எடுத்தான். பின்பக்கம் வெண்டை போட்டான். மாப்பிள்ளை, காய் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஐம்பது பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பையன் வீட்டில் என்ன செய்தான் என்று வீட்டார் ஒருவர் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அதைத்தான் ஞானகுமாரி டீச்சர் பார்த்துச் சின்னம் தருவார். அவர்தான் படைக்குத் தலைவி. சாராளுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்கே நேரம் சரியாக இருக்கிறது. எழுத்து வேலை என்றால் நான்தானே. எட்டாம் வகுப்போடு நிறுத்தினேன் என்றாலும், அதற்கு மேல் சொல்லித்தர அந்தப் பள்ளியில் ஆள் இல்லை என்பதுதான் காரணம்.

ஆவடி டேங்க் ஃபேக்டரி கேன்டீனில் எல்லாம் என் தலையில்தான். நான் டீ ஊற்றாவிட்டால் ஒரு டேங்க் நகராது.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
பால்ராஜ்


போர்ட் பிளேர்
9-7-1986

அன்பு மச்சான் அவர்களுக்கு, அருள்தாஸ் வணக்கம். நலம். உங்கள் எல்லாருடைய நலத்துக்கும் தினமும் ஜெபம் செய்கிறேன். கப்பல் தாமதம், அதனால் உங்கள் கடிதம் மூன்று வாரம் கழித்துத்தான் கைக்கு வந்தது.

மகனைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒர்க் ஷாப்பில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்கள்: வெண்டைக்காய் முழங்கை நீளம் என்றால், யார் முழங்கை?

அவனிடம் ஒன்று சொல்லுங்கள். நான் இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் ஒரு வருஷத்துக்கு ஊருக்கு வர லீவு இல்லை. அவனையும் சாராளையும் கோடை விடுமுறைக்கு இங்கே கூப்பிட எனக்கு ஆசை. குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து பத்தடியில் கடல். நீந்தத் தெரியாத பிள்ளையை அங்கே எப்படி விடுவது என்று சாராள் பயப்படுகிறாள். அவள் பயம் நியாயம். அவன் நீச்சல் சின்னம் வாங்கட்டும். வாங்கிவிட்டால் மே மாதம் இருவரையும் கப்பல் ஏற்றிவிடுங்கள். இது நான் அவனுக்குக் கொடுக்கும் வாக்கு. 

அன்புடன்,
அருள்தாஸ்


மேனாம்பேடு
17-8-1986

மாப்பிள்ளை அவர்களுக்கு பால்ராஜ் எழுதியது. மூவரும் சௌக்கியம். சாராளுக்கு லேசான ஜலதோஷம். நான் வைத்த கஷாயத்தில் ஒரே வேளையில் ஓடிவிட்டது.

உங்கள் வாக்கைப் பையனிடம் சொன்னேன். கப்பல் படம் ஒன்றை வரைந்து, அரிசி டின்னுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறான். தினமும் காலையில் அதற்கு முன்னால் நின்று கையை வீசி நீந்துகிறான்.

நடுவில் சமையல் சின்னமும் வாங்கிவிட்டான். டீச்சர் முன்னால் ஸ்டவ் பற்றவைத்து ரவா உப்புமா கிண்டினான். வாசனைக்கு ரோட்டில் போன 77-ம் நம்பர் பஸ் நின்றுவிட்டது.

நீச்சலுக்கு ஆளும் இடமும் பிடித்தாயிற்று. என்னோடு கேன்டீனில் வேலை செய்யும் லோகநாதனுக்குக் குத்தம்பாக்கத்தில் நிலம், அதில் படி இறங்கிப் போகும் பெரிய கிணறு. காலி எண்ணெய் டின்னைப் பையன் முதுகில் கட்டி, இடுப்பில் தாம்புக்கயிறு போட்டு, மறுமுனையை நான் மேலே நின்று பிடித்துக்கொள்கிறேன். நானே இறங்கிச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் அம்பத்தூர் ஏரியை அந்தக் காலத்தில் குறுக்கே தாண்டியவன் இறங்கினால் அந்தக் கிணறு போதுமா? அதனால் மேலேயே நிற்கிறேன்.

முதல் நாளே மீன் மாதிரி போனான். லோகநாதனின் அம்மா எல்லம்மா வாய் பிளந்து நின்றுவிட்டது.

பன்னிரண்டு நாள் பழகியதாக நோட்டில் இருக்கவேண்டும். பிறகு ஆவடி ராணுவ முகாமில் உள்ள நீச்சல் குளத்தில் தேர்வு. இருபத்தைந்து மீட்டர், எதையும் தொடாமல்.

சுகத்துக்கு எழுதவும்.
பால்ராஜ்


போர்ட் பிளேர்
20-9-1986

அன்பு மச்சான் அவர்களுக்கு, நலம். எல்லாரும் நலமாக இருக்கவேண்டும்.

உங்கள் கடிதத்தை என் மேஜைக்கு மேலே குத்தி வைத்திருக்கிறேன். இந்த ஊரில் தபால் கப்பல் வரும் நாள்தான் எங்களுக்குப் பண்டிகை. மற்றவர்களுக்கு வரும் கடிதத்தில் இன்னார் சுகம், இன்னாருக்குக் கல்யாணம் என்று இருக்கும். எனக்கு வரும் கடிதத்தில்தான் பஸ் நிற்கிறது. ஒர்க் ஷாப் ஆட்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

ஒர்க் ஷாப்பில் மிஞ்சிய பலகையில் தேவராஜுக்கு ஒரு கட்டில் செய்கிறேன். அவன் உயரம் எனக்குத் தெரியவில்லை. நான் கிளம்பும்போது என் இடுப்புக்கு இருந்தான். அளந்து எழுதுங்கள் மச்சான். அளந்து.

அன்புடன்,
அருள்தாஸ்


மேனாம்பேடு
9-11-1986

மாப்பிள்ளை அவர்களுக்கு பால்ராஜின் வந்தனம். சுகம், சுகமறிய ஆவல்.

கட்டிலை ஆறடிக்குச் செய்யுங்கள். பையன் வளருகிற வேகத்துக்கு அதுவே காணாது.

இங்கே அடைமழை. குத்தம்பாக்கம் போகிற மண் ரோடு முழுக்கச் சேறு, கிணறு மேல்படி வரை நிரம்பிக் கிடக்கிறது என்று லோகநாதன் சொன்னான். சாராளும் மழையில் போகக்கூடாது என்று தடுத்துவிட்டாள். ஆனாலும் நீங்கள் கவலைப்படவேண்டாம். மழைக்காகப் பையனின் கப்பல் நிற்கக்கூடாது என்று பன்னிரண்டு நாளையும் நோட்டில் எழுதி முடித்துவிட்டேன்.

எப்படி எழுதியிருக்கிறேன் தெரியுமா? ஏழாம் நாள் கிணற்றை இருபது சுற்று நிற்காமல் வந்தான். ஒன்பதாம் நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். பன்னிரண்டாம் நாள் கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியைக் காதைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தான். நோட்டில் இடம் போதாமல் பின் அட்டையிலும் எழுதினேன்.

ஞானகுமாரி டீச்சர் வாங்கிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் நீங்கள் பார்த்ததா என்று கேட்டார். இந்த இரண்டு கண்ணாலும் என்றேன். நோட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் காட்டத்தான் இருக்கும்.

பெட்டியைத் தயாராக வைக்கச் சொல்லி சாராளிடம் சொல்லிவிட்டேன்.

பால்ராஜ்


மேனாம்பேடு
22-12-1986

மாப்பிள்ளை அவர்களுக்கு கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். நாங்கள் சுகம். கேக்குக்குப் பதில் இந்த வருஷம் அதிரசம்.

நீச்சல் தேர்வு கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது. குளத்தில் ஏதோ வேலையாம். பெரிய விஷயம் இல்லை.

பையன் படிப்பில் மும்முரமாக இருக்கிறான். அதனால் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

மற்றவை பிறகு.
பால்ராஜ்


மேனாம்பேடு
29-12-1986

அன்புள்ள அப்பாவுக்கு தேவராஜ் எழுதுவது. அம்மாவும் நானும் மாமாவும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா?

குளத்தில் வேலை ஒன்றும் இல்லை அப்பா. கிறிஸ்துமஸ் லீவு விடுவதற்கு முன்னால் ஞானகுமாரி டீச்சர் எங்கள் படையை வட்டமாக உட்கார வைத்து என் நோட்டைச் சத்தமாகப் படித்தார்கள். இருபது சுற்று வரும்போது பையன்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கன்றுக்குட்டி வரும்போது எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. தேவராஜ், இது நடந்ததா என்று கேட்டார்கள்.

நான் எழுந்து நின்று, இல்லை டீச்சர், நாலு நாள்தான் போனேன் என்று சொன்னேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதிக் கிணறுதான் போவேன். கண்ணைக் கட்டவில்லை. ஆனால் பயத்தில் நானே மூடிக்கொள்வேன்.

பன்னிரண்டு நாளும் நிஜமாக ஆன பிறகுதான் தேர்வு என்று டீச்சர் சொன்னார்கள். தோட்டத்துக்கும் சமையலுக்கும் நோட்டில் மாமாதான் எழுதினார். அதனால் அந்த இரண்டு சின்னங்களையும் நானே பிளேடால் தையல் பிரித்து டீச்சர் மேஜையில் வைத்துவிட்டேன். டீச்சர் கேட்கவில்லை. எனக்குத்தான் கையில் உறுத்தியது.

மே இரண்டாம் தேதி எனக்குப் பத்து வயசு முடிகிறது. அதற்கு அப்புறம் குருளையர் இல்லை. அதற்குள் நீந்த முடியாவிட்டால் கப்பல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மாமாவைத் திட்டாதீர்கள். அவர் எழுதினதில் வருகிற பையன் ரொம்ப நல்லா இருக்கிறான். எனக்கும் அவனைப் பிடிக்கும்.

என் உயரம் நாலு அடி ஒரு அங்குலம். அம்மா தையல் டேப்பில் அளந்தார்கள்.

உங்கள் அன்பு மகன்,
தேவராஜ்


போர்ட் பிளேர்
25-1-1987

அன்பு மச்சான் அவர்களுக்கு, நலம். அங்கு அனைவர் நலமும் அறிய விருப்பம்.

தேவராஜ் எழுதியிருந்தான். உங்களைத் திட்டக்கூடாது என்று கேட்டிருந்தான். அதனால் திட்டவில்லை.

உங்கள் கடிதங்களை நான் எப்படிப் படிப்பேன் என்று இன்று சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் பத்தால் வகுத்துவிட்டுப் படிப்பேன். ஐம்பது பேர் வெண்டைக்காய் பார்க்க வந்தார்கள் என்றால் ஐந்து பேர். இருபது சுற்று என்றால் இரண்டு சுற்று. வகுத்த பிறகு வருவதே எனக்குப் போதும். ஐந்து பேர் வந்து பார்க்கும் அளவுக்கு என் மகன் ஒரு செடி வளர்த்தான் என்றால், இங்கே தனியாக இருக்கிற எனக்கு அது ஒரு மாதத்துக்குக் காணும். நீங்கள் பெருக்குவதில் எனக்குக் கோபமே வந்ததில்லை. என் பிள்ளையைப் பற்றிப் பெருக்கிச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரே என்றுதான் இருக்கும்.

ஆனால் மச்சான், அவனுக்கு வகுக்கத் தெரியாது. நீங்கள் எழுதும் பையனுக்குப் பக்கத்தில் நின்று தன்னை அளந்து பார்க்கிறான். அந்த உயரத்துக்கு எந்தப் பிள்ளையும் வரமாட்டான். நானும் வரமாட்டேன்.

தண்ணீர் விஷயத்தில் பொய் வேண்டாம். உங்கள் நோட்டை நம்பி அவனைக் கடலில் இறக்கியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அன்று வேலை ஓடவில்லை.

கட்டிலை நாலரை அடிக்குச் செய்து முடித்துவிட்டேன்.

அருள்தாஸ்


போர்ட் பிளேர்
15-3-1987

அன்பு மச்சான் அவர்களுக்கு, நலம்.

ஏழு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. இரண்டு கப்பல் வந்துபோனது. சாராள் எழுதுகிறாள். ஆனால் அவள் எழுத்தில் எல்லாரும் சுகம் என்பதோடு சேதி முடிந்துவிடுகிறது. நான் கடுமையாக எழுதிவிட்டேனா? ஒர்க் ஷாப்பில், அம்பத்தூர்க்காரர் ஏன் எழுதுவதில்லை என்று கேட்கிறார்கள்.

பெருக்கியாவது எழுதுங்கள்.

அருள்தாஸ்


மேனாம்பேடு
12-4-1987, குருத்து ஞாயிறு

மாப்பிள்ளை அருள்தாஸ் அவர்களுக்கு பால்ராஜ் எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தது. இதற்கு முன் நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் மூன்றாவது வரியிலேயே யாராவது கூட்டமாகக் கூடிவிடுகிறார்கள். எனக்கே தெரியாமல் பேனா அப்படிப் போகிறது.

உங்கள் ஜனவரிக் கடிதம் வந்த மறுநாள் ஞானகுமாரி டீச்சரைப் போய்ப் பார்த்தேன். பையன் மேல் தப்பில்லை, நான் எழுதியதுதான் என்றேன். தெரியும் என்றார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நீங்க எழுதுனது நல்லாத்தான் இருந்துச்சு சார். அதுல நம்ம தேவராஜ்தான் இல்ல.” 

இனி நோட்டில் நான் எழுதுவதைப் பையன் படித்துப் பார்த்து அவனும் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். நானும் சரி என்றேன்.

சனி மத்தியானமும் ஞாயிறு காலையுமாக மறுபடி குத்தம்பாக்கம் போனோம். முதல் நாள் பையன் படியில் உட்கார்ந்துகொண்டு இறங்கவில்லை. என்னடா என்றேன். “நீ எறங்கு மாமா. நீதான் ஏரியத் தாண்டினவனாச்சே. நீ கூட இருந்தா கயிறு வேணாம்” என்றான்.

மாப்பிள்ளை, எனக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இதுவரை நின்றதில்லை. ஏரியைத் தாண்டினேன் என்பது கரையோரமாகச் சைக்கிளில் போனதுதான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கிணற்றுப் படியில் வைத்து அவனிடம் சொன்னேன். அவன் தன் முதுகிலிருந்த எண்ணெய் டின்னை அவிழ்த்து என் முதுகில் கட்டினான்.

நான் இறங்கினேன். எல்லம்மா புல் அறுப்பதை விட்டுவிட்டு மேலே வந்து நின்றது. “இன்னா பால்ராசு, ஏரியத் தாண்டுன ஆளு, என் ஊட்டுக் கெணத்துல எருமமாட்டாட்டம் கத்திக்கினு கீற?” என்றது. பையன் சிரித்தான். டிசம்பரிலிருந்து அவன் என் முன்னால் சிரித்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே டின் இல்லாமல் என் பக்கமாக வந்தான். வந்து சேர்ந்த பிறகுதான் கயிற்றைப் பிடிக்காமல் வந்துவிட்டோம் என்று அவனுக்கே தெரிந்தது.

பன்னிரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் நோட்டில் ஒரே ஒரு வரி. எத்தனை தூரம், எத்தனை தடவை நின்றான். அவ்வளவுதான். அந்த ஒரு வரியை எழுத எனக்கு அரை மணி ஆகும். ஆறாம் நாள் நான் எழுதிய வரிக்குக் கீழே அவனும் ஒன்று எழுதினான்: ‘மாமா இன்று கத்தவில்லை.’

நடுவில் மற்ற இரண்டு சின்னத்துக்கும் டீச்சர் மறுபடி தேர்வு வைத்தார். உப்புமாவில் உப்பு கொஞ்சம் தூக்கல். வெண்டைக்காய் என் நடுவிரல் நீளம். இரண்டையும் திரும்பக் கொடுத்தார். சாராள் சட்டையில் தைத்தாள். இந்தத் தடவை இரட்டைத் தையல்.

நேற்று ஆவடிக் குளத்தில் தேர்வு. நான்கு பையன்கள். முதல் மூன்று பேரும் சீக்கிரம் நீந்தி முடித்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். தேவராஜ் கடைசி. குளத்தின் தண்ணீர் நீலமாக, அடிவரை தெரிந்தது. கிணற்றில் அடி தெரியாது, அதனால் இதைப் பார்த்ததும் அவனுக்குப் பயம் வந்துவிட்டது. நான் கரையில் நின்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நீ மீன்டா, புலிடா என்று வாய்வரை வந்தது. மூடிக்கொண்டேன்.

இறங்கினான். இருபத்தைந்து மீட்டர். ஒரு நிமிஷம் பத்து வினாடி ஆனது. பாதியில் ஒரு தடவை நின்றுவிடுவான் போல இருந்தது, நிற்கவில்லை. ஓரச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, தொடவில்லை. நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தான். பார்த்தது நான், சாராள், டீச்சர், தேர்வு வைத்த ஆபீசர், அவ்வளவு பேர்தான். யாரும் கைதட்டவில்லை. சாராள் துண்டை எடுத்துக்கொண்டு அந்தக் கரைக்கு நடந்தாள். டீச்சர் சின்னத்தைக் கையில் கொடுத்தார்.

நான் என் வாழ்க்கையில் எத்தனையோ பெரிய விஷயங்களைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறேன். பார்த்தது இது ஒன்றுதான்.

மே மாதம் ஒன்பதாம் தேதி கப்பல். இருவரையும் நான் துறைமுகத்தில் ஏற்றிவிடுகிறேன். கட்டில் நாலரை அடி போதும்.

மாப்பிள்ளை, இந்த ஒரு கடிதத்தை மட்டும் வகுக்காமல் படியுங்கள்.

உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்ளும்,
பால்ராஜ்

படித்துப் பார்த்தேன். எல்லாம் சரி. ஆனால் தண்ணீர் குடித்தது மூன்று முறை.
தேவராஜ்